கிழவர்களை எழுதுதல்

1

நவம்பர் மாதம் வந்தால் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் கூட்டம் மாறிவிடும். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வரும் மாதம் அது. லைஃப் சர்டிபிகேட் என்று நாங்கள் சொல்லும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். 2014 நவம்பரிலிருந்து விரல் ரேகை வைத்தும் செய்யலாம் என்று வந்தது. வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, எழுபது எண்பது வருஷம் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. இயந்திரம் மறுத்துவிடுகிறது. 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு வழி வந்தது. அதற்கு வேண்டிய போன் பேரனிடம் இருக்கும். பேரன் பெங்களூரில் இருப்பான்.

கை நடுக்கத்தால் கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கும் விதி இருக்கிறது. கட்டைவிரல் ரேகை வைக்கலாம். கைவிரலும் இயலாவிட்டால் கால் கட்டைவிரல் ரேகை. இரண்டு பேர் சாட்சி, அதில் ஒருவர் வங்கி ஊழியர். இந்த விதியை எழுதியவர் யாரோ தெரியவில்லை. மனித உடலின் கடைசி எல்லைகளை இவ்வளவு நிதானமாக யோசித்த உரைநடையை நம் நாவல்களில் நான் பார்த்தது குறைவு.

சில வருஷங்களுக்கு முன் ஒருவர் வந்தார். ஆர்.எம்.எஸ்ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணம் எடுக்கும் சீட்டில் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார். திரையில் இருக்கும் மாதிரிக் கையெழுத்து, கணக்கு ஆரம்பித்த காலத்தில் போட்டது. வேகமாக, வாலைச் சுழித்து எழுதியது. இப்போது சீட்டில் இருந்ததோ எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி.

"சார், கையெழுத்து டேலி ஆகலையே" என்றேன்.

இன்னொரு முறை போட்டார். அது முதலாவதோடும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவதும் அப்படியே. பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஓடற ரயில்ல நின்னுகிட்டே ஊர்ல இருக்கறவன் கையெழுத்தெல்லாம் படிச்சுப் பிரிச்சுப் போட்டவன் தம்பி நான். என் கையெழுத்தப் படிக்க இங்க ஆள் இல்லியா?"

அதிகாரியிடம் அழைத்துப்போய், பாஸ்புத்தகத்துப் போட்டோவை வைத்து அன்றைக்குப் பணம் வாங்கிக்கொடுத்தேன். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்து, "நீங்கள் உங்களோடு ஒத்துப்போகவில்லை" என்று சொல்லக்கூடிய இடத்தில் நான் இருக்கிறேன் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. கவுண்டரில் மட்டுமல்ல. விமர்சனம் எழுதும்போதும் அதே இடத்தில்தான் இருந்திருக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அது.

2

முதுமையைத் தமிழில் யார் பேசியிருக்கிறார்கள், எங்கே நின்று பேசியிருக்கிறார்கள்? என்னுடைய கேள்வி இவ்வளவுதான். பேசியிருக்கிறார்களா என்று கேட்டால் பதில் சுலபம்: ஏராளமாக. ஆனால் பெரும்பாலும் வெளியே நின்று.

நாலடியாரில் 'இளமை நிலையாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே முதுமை ஒரு எச்சரிக்கைப் பலகை. நரை வருகிறது, சொல் தளர்கிறது, கையில் கோல் வருகிறது. எல்லாம் இளைஞனின் கண்முன் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. அவன் அதைப் பார்த்து அறத்தின் பக்கம் திரும்ப வேண்டும். கோல் ஊன்றியவருக்கு என்ன நேர்கிறது என்பது பேச்சே இல்லை. அவர் வேறொருவனுக்கான பாடம். புறநானூற்று 195இல் நரிவெரூஉத்தலையார் முதியவர்களை நேராகவே விளித்துப் பேசுகிறார். மீன் முள்ளை நரைக்கு உவமை சொல்கிறார், அசாத்தியமான உவமைதான். ஆனாலும் அது கண்டிக்கிற குரல். வெளியே இருந்து கேட்கிற குரல்.

இவற்றுக்கு நடுவே புறநானூறு 243ஐ வைத்துப் பாருங்கள். தொடித்தலை விழுத்தண்டினார் என்பவர் பாடியதாகத் தொகுப்பு சொல்கிறது. அது பெயரே அல்ல. பாட்டில் வரும், பூண் பிடித்த கைத்தடியைக் குறிக்கும் சொற்றொடர் பெயராகிவிட்டது. அந்த மனிதரின் பெயர் தொலைந்துவிட்டது, அவர் ஊன்றியிருந்த தடி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்தப் பெயரில் வேறு பாட்டும் இல்லை.

14 வரிப் பாட்டு. அதில் முதுமைக்குக் கிடைப்பது கடைசி மூன்றே வரிகள். மீதியெல்லாம் குளம். மணலில் பாவை செய்து பூச் சூட்டுவது, பெண்களோடு கைகோர்த்து விளையாடுவது, தண்ணீரை ஒட்டித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் குதிப்பது, கரையில் நிற்பவர்கள் மேல் நீர்த்துளி தெறிப்பது, ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளி வந்து காட்டுவது. வினைச்சொற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகின்றன. படிக்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. பிறகு சட்டென்று தடி, நடுக்கம், இருமல். இருமலுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் சொல்லப்படும் சில சொற்கள்.

இங்கே முதுமை ஒரு உருவகமாக நிற்கவில்லை. நிலையாமைக்கு உதாரணமாகவும் இல்லை. உடம்பு தான் செய்ததை எண்ணிப் பார்க்கிறது. பாட்டில் குதித்த உடம்பும் இருமுகிற உடம்பும் ஒன்றே என்பதுதான் வேதனை. முதுமை என்பது சிறுகச் சிறுகத் தேய்வது என்று வெளியிலிருப்பவன் நினைக்கிறான். உள்ளே இருப்பவனுக்கு அது அப்படி இல்லை போலிருக்கிறது. குளத்திலிருந்து நேராகத் தடிக்கு வந்துவிட்டான் அவன். நடுவிலுள்ள ஐம்பது வருஷம், வேலை, குடும்பம், சண்டை, சம்பாத்தியம், பாட்டில் இல்லவே இல்லை.

இதற்குத் துறை வகுத்தவர்கள் 'கையறுநிலை' என்று போட்டிருக்கிறார்கள். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தவர்கள் கையற்றுப் புலம்புவது அந்தத் துறை. பாரிக்காகக் கபிலர் பாடியது மாதிரி. இந்தப் பாட்டில் யாரும் சாகவில்லை. பாடுகிறவனுடைய இளமைதான் செத்திருக்கிறது. உயிரோடு இருப்பவன் தனக்கே பாடிக்கொண்ட இரங்கல் என்பதை அந்தப் பெயரறியாத தொகுப்பாளர் கண்டுகொண்டிருக்கிறார். அதை நான் முதல்தரமான விமர்சனக் காரியம் என்பேன். இன்னொன்று: பாட்டு 'எனக்கு' என்று முடியவில்லை, தன்மைப் பன்மையில் முடிகிறது. அது பழைய மொழியின் வழக்கம் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். எனக்கோ குளத்தங்கரைத் திண்ணையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேர் தெரிகிறார்கள்.

3

அதே புறநானூற்றில் 191ஆம் பாட்டு வேறொரு கோணம். பிசிராந்தையாரிடம், இவ்வளவு வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். மூலிகை, யோகம் என்று அவர் பதில் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர்கள், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என்று ஒரு பட்டியல் தருகிறார். இவர்கள் இப்படி இருப்பதால் எனக்கு நரையில்லை என்கிறார்.

இதை நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் இல்லறப் பெருமையாக்கிச் சீரழித்துவிட்டார்கள். பாட்டு சொல்வது அதைவிடக் கடினமான விஷயம்: ஒருவன் தலையில் நரை விழுவது அவனுடைய தனிப்பட்ட சமாசாரம் அல்ல. வீடு, வேலைத்தலம், அரசு, ஊர் நான்கும் சேர்ந்து அவனைக் கிழவனாக்குகின்றன, அல்லது ஆக்காமல் விடுகின்றன. ஸிமோன் த பூவா முதுமையைப் பற்றி 1970இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 62. முதுமை உடம்பில் நடந்தாலும் அதன் அர்த்தத்தைத் தீர்மானிப்பது சமூகம் என்பது அதன் அடிப்படை வாதங்களில் ஒன்று. தன் முதுமையை யாரும் உள்ளிருந்து நேராக உணர்வதில்லை, பிறர் பார்வையிலிருந்துதான் அது நமக்கு வந்துசேர்கிறது என்பது இன்னொன்று. முதல் வாதத்தைப் பிசிராந்தையாரிடமே படித்திருக்கலாம். இரண்டாவதை என் கவுண்டரில் பார்க்கலாம். அந்த சார்ட்டர் வங்கிக்குள் நுழையும்போது கிழவராக இல்லை. நான்தான் மூன்று கையெழுத்தில் அவரைக் கிழவராக்கினேன்.

பிசிராந்தையாரின் பட்டியலை இன்றைக்கு ஒருவர் வரிசையாகச் சரிபார்க்கட்டும். 2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் இந்திய அளவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், கேரளத்தில் 12.6. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்ப 2.1 வேண்டும் என்பார்கள். ஆகவே தடி ஊன்றியவர்கள் பெருகுவார்கள், தாங்க வருகிற கைகள் குறையும். பிள்ளைகள் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு 2007இல் பாராளுமன்றம் சட்டமே போட வேண்டி வந்தது. மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்று அதில் உச்சவரம்பு. சான்றோர் இருக்கிற ஊர் என்று பிசிராந்தையார் சொன்னதற்குப் பதிலாக நம்மிடம் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. இல்லாததற்கு அது மேல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

'முதியோரை மதிக்கும் பண்பாடு நமது' என்கிற பல்லவியை இந்த இடத்தில் யாராவது ஆரம்பித்தால், தென்மாவட்டங்களில் பேசப்படும் தலைக்கூத்தலை நினைவுபடுத்துவேன். படுக்கையில் விழுந்துவிட்டவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கி 2020இல் திரைக்கு வந்த 'பாரம்' படம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. இதே விஷயம் ஜப்பானில் பழங்கதையாக இருந்தது. அதை ஃபுகஸாவா 1956இல் 'நராயமா' என்று கதையாக எழுதினார். இமாமுரா 1983இல் படமாக எடுத்தார். வறண்ட மலைக்கிராமம், எழுபதை எட்டியவர்களைப் பிள்ளைகள் முதுகில் சுமந்து மலையில் விட்டுவர வேண்டும். 69 வயது ஓரின் கிழவிக்குப் பற்கள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன. சாப்பாடில்லாத ஊரில் அது கேலிக்குரிய விஷயம். அவள் தன் பற்களைத் தானே மோதி உடைத்துக்கொள்கிறாள். ஆரோக்கியம் ஒரு கிழவிக்கு அவமானமாகிவிடுகிற இடம் அது. 'முதுமையின் கொடுமை' என்று தலைப்பிட்டு ஆயிரம் கவிதை எழுதினாலும் அந்தப் பல்லுக்கு ஈடாகாது. கொடுமையை அவளுக்கு யாரும் செய்யவில்லை, அவளே ஊரின் சார்பாகத் தனக்குச் செய்துகொள்கிறாள்.

நம்மிடம் இதற்கு மறுகோடியில் ஒரு கதை இருக்கிறது, தி. ஜானகிராமனின் 'பாயசம்'. சாமநாதுக்குத் தன் உடம்பின் திடத்தில் கர்வம். அண்ணன் மகன் சுப்பராயன் வாழ்வதைப் பொறுக்கவில்லை அவருக்கு. கல்யாண வீட்டில் பாயசம் நிறைந்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, அதில் எலி கிடந்தது என்கிறார். நான் அறிந்தவரையில் தமிழ்ச் சிறுகதை ஒரு கிழவருக்குக் கொடுத்த மிகப்பெரிய மரியாதை இது. பொறாமைப்பட, பொய் சொல்ல, வீட்டைக் கெடுக்க, கெடுத்தபின் தன் விதவை மகளின் கண்ணைச் சந்திக்க முடியாமல் தவிக்க, ஒரு முழுமனிதனுக்குரிய எல்லா உரிமையையும் அவருக்குக் கொடுத்திருக்கிறார் ஜானகிராமன். திண்ணையில் உட்கார்த்தி ஞானம் பேச வைக்கவில்லை. முதியோர் இல்லத்து வாசலில் நிறுத்தி நம் கண்ணீரைக் கோரவுமில்லை. அனுதாபம், நாலடியாரின் எச்சரிக்கையைப் போலவே, வெளியிலிருந்து வருவது. பரிதாபப்படுகிறவன் தன்னைக் கிழவனோடு சேர்த்து எண்ணிக்கொள்வதில்லை.

4

நவீனத் தமிழ் எழுத்துக்கு இது ஏன் கைவராமல் போயிற்று? எனக்கு ஒரு காரணம் படுகிறது. சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள்.

பாரதி 38 வயதில் இறந்தார். கு.ப.ரா. 42. புதுமைப்பித்தன் 42. பின்னால் ஜி. நாகராஜன் 51, ஆத்மாநாம் 33. நமக்கு ஆதர்சமானவர்களில் பலர் கிழவர்களாகவே இல்லை. 1947ஐ ஒட்டி இந்தியரின் பிறப்புக்கால ஆயுள் எதிர்பார்ப்பு 32 வருஷம்தான். அந்தக் கணக்கில் குழந்தைச் சாவுகளின் பங்கு பெரிது, அக்காலத்திலும் கிழவர்கள் இருந்தார்கள் என்பது தெரிந்ததே. இப்போது அந்த எண் 70ஐ ஒட்டியிருக்கிறது. மனிதனுக்கு இரண்டாவது வாழ்நாளே கிடைத்திருக்கிறது. ஆனால் சிறுபத்திரிகை மனம் இன்னும் முதல் வாழ்நாளிலேயே இருக்கிறது. சீக்கிரம் எரிந்து போவதுதான் நமக்குக் கவிதை. அகால மரணம் ஒரு பிரதிக்கு ஒளிவட்டம். எழுபது வயது வரை இருந்து, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, தொடர்ந்து எழுதுகிறவன் நமக்குக் கொஞ்சம் சங்கடம். அவனை என்ன செய்வது என்று தெரிவதில்லை. ஸ்தாபனத்துக்காரர்கள் பொன்னாடை போர்த்துகிறார்கள். நாம் மதிப்புரை எழுதாமல் விடுகிறோம். இரண்டும் அப்புறப்படுத்துகிற காரியமே.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு 27 வயதிருக்கும்போது ஒரு சிறுபத்திரிகையில் மதிப்புரை எழுதினேன். எழுபதுகளின் நடுவிலிருந்த ஒரு கவிஞரின் தொகுப்பு. அதுவே கடைசித் தொகுப்பு என்பது அப்போது தெரியாது. பெயர் சொல்லப்போவதில்லை, இந்த வட்டத்தில் சிலருக்கு ஞாபகமிருக்கும். மூன்று கவிதைகளில் ஒரே கிணறு வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டேன். "கவிஞர் ஒரே கிணற்றில் மூன்று முறை வாளியை விடுகிறார். மூன்று முறையும் வருவது வெறும் வாளி. ஓய்வூதியம் கவிதைக்கும் பொருந்தும்" என்று எழுதினேன். நண்பர்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் என் கெட்டிக்காரத்தனத்தில் மயங்கிக் கிடந்தேன்.

அவரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. மதிப்புரையில் அவர் கவிதை ஒன்றின் தலைப்பைத் தவறாகக் கொடுத்திருந்தேனாம், சரியான தலைப்பு இன்னது. வேறொன்றுமில்லை. எழுத்து நடுங்கியிருந்தது. அதைச் சுவாரசியமில்லாமல் எங்கோ வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து அவர் காலமானார்.

சார்ட்டர் வந்துபோன அன்று இரவு அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். கிணறு மூன்று கவிதைகளில் வருகிறதுதான். முதல் கவிதையில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பையன் ஒருவன் குதிக்கிறான். இரண்டாவதில் தண்ணீர் கீழே போய்விட்டது, இறைக்கிற பெண்ணுக்குக் கயிறு போதவில்லை. மூன்றாவதில் கிணற்றைத் தூர்த்து வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு அறையில் மட்டும் தரை சில்லென்று இருக்கிறது. கிழவர் அந்த அறையில் பாய் போட்டுப் படுக்கிறார். கிணறு என்ற சொல் மூன்றாவது கவிதையில் ஒரே ஒரு முறை, தலைப்பில் மட்டும்தான் வருகிறது. நான் தவறாகக் கொடுத்த தலைப்பு அதுதான்.

27 வயதில் இது எனக்குத் திரும்பச்சொல்லலாகப் பட்டது. என்னிடமிருந்தது அந்தக் கவிஞரின் ஐம்பதுகளின் தொகுப்பு. அதன் வேகம், வாலைச் சுழிக்கிற அழகு. அதை மாதிரிக் கையெழுத்தாக வைத்துக்கொண்டு இதை ஒப்பிட்டேன். டேலி ஆகவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

5

பெக்கெட்டின் 'க்ராப்பின் கடைசி நாடா' 1958 அக்டோபரில் லண்டனில் முதலில் மேடையேறியது. பெக்கெட்டுக்கு அப்போது 52. க்ராப் என்ற 69 வயதுக் கிழவன் தன் 39ஆம் பிறந்தநாளில் பதிவு செய்த டேப்பைப் போட்டுக் கேட்கிறான். அந்த டேப்பில் 39 வயதுக்காரன், அதற்கும் முந்தைய தன் இருபதுகளின் குரலைக் கேட்டுவிட்டு ஏளனம் செய்கிறான். 69 வயதுக்காரன் 39ஐ ஏளனம் செய்கிறான். டேப்ரிகார்டர் புழக்கத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகவில்லை என்பதால் நாடகம் எதிர்காலத்தில் ஓர் இரவில் நடப்பதாக வைத்தார் பெக்கெட். இதை பி.ஏ. வகுப்பில் 'அபத்த நாடகம்' என்ற தலைப்பின்கீழ் பரீட்சைக்குப் படித்தேன். வாழைப்பழம் தின்பதைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி.

இப்போது எனக்கு 38. கிட்டத்தட்ட நடு டேப்பின் வயது. கிழவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த நடுவயதுக் குரலை வகுப்பில் நான் கவனிக்கவில்லை. அது எவ்வளவு தன்னம்பிக்கையுள்ள குரல்! தன் இளமையைத் தீர்த்துக் கட்டிவிட்டதாக நம்புகிற குரல். விமர்சகனின் குரல் அதுதான். அதற்குத் தெரியாத ஒன்றே ஒன்று, முப்பது வருஷம் கழித்து அதே மேஜையில் ஒருவன் உட்கார்ந்து தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது.

லார்க்கின் 1974இல் வெளிவந்த 'ஹை விண்டோஸ்' தொகுப்பில் கிழடுகளைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வாயில் எச்சில் வடிவதைக்கூட விடாமல் சொல்லும் குரூரம். அவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. வெளியிலிருந்து எழுதிய கவிதைதான். ஆனால் கேள்வி கேட்கிறவன் தானும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறான் என்பதைக் கவிதை கடைசியில் மறைக்கவில்லை. வெளியே நிற்பவனால் நேர்மையாகச் செய்யக்கூடியது அவ்வளவுதான் போலும். நாலடியாரும் 'இது உனக்கும் வரும்' என்றுதான் சொல்கிறது. லார்க்கின் 'எனக்கும்' என்கிறார். இரண்டு கவிதைக்கும் உள்ள தூரம் அந்த ஒரு சொல்.

யேட்ஸ் 1934இல் இளமையை மீட்க வேண்டி ஒரு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சிரிக்கத் தோன்றும். சிரிக்கலாம். ஆனால் அவர் கடைசிக் கவிதைகளில் ஒன்று, பழைய பாத்திரங்களையும் கருப்பொருள்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எண்ணிப் பார்ப்பது. புதிதாக ஒன்றும் அகப்படவில்லை என்பதையே கவிதையாக்குவது. என் 27 வயது அளவுகோலில் அதுவும் வெறும் வாளிதான். நம்மூரில் சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தியவர் என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்போம். எண்பதுகளில் இருந்த அதே மனிதர் 1997இல் 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாக நாவல் கொண்டுவந்தபோது நம்மில் எத்தனை பேர் முழுசாகப் படித்தோம்? 1998இல் அவர் போய்விட்டார். 2001இல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. கி.ரா. தொண்ணூறைத் தாண்டியும் எழுதினார், 2021இல் மறையும்வரை. அந்தக் கடைசிப் பத்து வருஷ எழுத்தைப் பற்றி அஞ்சலிகள் வந்தன. விமர்சனம் எங்கே?

இதனால் கிழவர் எழுதினாலே கவிதை என்று நான் கட்சி கட்டவில்லை. அப்படிச் சொன்னால் மணிவிழா மலர்களையெல்லாம் படிக்க நேரும். கிழவர்கள் மோசமாகவும் எழுதுகிறார்கள், இளைஞர்களைப் போலவே. இளமையை நடிக்கிற கிழக்கவிதை இருக்கிறது. காதலியின் கூந்தலை எழுபதிலும் அதே உவமையில் தடவிக்கொண்டிருப்பது. ஞானத்தை நடிப்பதும் இருக்கிறது. அது இன்னும் மோசம். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பிரதிக்குத் தன் வயது தெரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்திருந்தால், அதன் மெதுவையும் மீண்டும் மீண்டும் ஒரே இடத்துக்குப் போவதையும் அந்த வயதின் உருவமாகப் படிக்க வேண்டும். குளத்தைப் பற்றி ஒரே பாட்டுப் பாடிய புறநானூற்றுக் கிழவர் இன்னும் இரண்டு பாட்டுப் பாடியிருந்தால் அவையும் குளத்தைப் பற்றியே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்போதும் யாராவது ஒருவன் வாளி என்று எழுதியிருப்பான்.

வங்கியில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. கையெழுத்து மாறிவிட்டால் புது மாதிரி வாங்கிக்கொள்ளலாம். ஒரு படிவம். வாடிக்கையாளர் புதிய கையெழுத்தைப் போடுவார். என் முன்னிலையில் போட்டார் என்று ஊழியர் எழுதி, தன் கையெழுத்தையும் அருகில் போட வேண்டும். பழையது ரத்தாகும். சார்ட்டர் அடுத்த மாதம் வந்தபோது அதைச் செய்தோம். நடுங்கிக்கொண்டே போட்டார். முடித்துவிட்டு, "இதுவும் ரொம்ப நாளைக்கு வராது தம்பி" என்றார். "மாறினா மறுபடி எடுத்துக்கலாம் சார்" என்றேன்.

அந்தக் கவிஞருக்கு இனி எதையும் செய்துவிட முடியாது. மதிப்புரை வந்த பத்திரிகையும் நின்றுவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்: மூன்றாவது கவிதையின் தலைப்பு 'கிணறு'. நான் 'வீடு' என்று கொடுத்திருந்தேன்.